மூன்றாம் ஆண்டில் எந்தப் பேப்பர் எடுப்பது?

(தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டமொன்றில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூட ஆசிரியர்கள் கூடியிருக்கும் இடத்தில் கல்லூரி மூன்றாம் ஆண்டைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்குக் கட்டாயம் தோன்றும். அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

நம் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பி.ஏ. ஆங்கிலம் சேரும் பிள்ளைகளில் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். புதுமைப்பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் கைக்கு வருகிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகிறது. ஆனால் 'ஐந்தாம் பருவத்தில் எந்த விருப்பப் பாடம் எடுக்கட்டும்?' என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலை, அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். அதனால் பிள்ளைகள் நம்மிடம் வருகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பிறகும் வருகிறார்கள். உயர்கல்வி வழிகாட்டல் என்று பன்னிரண்டாம் வகுப்பில் நாம் செய்வது கல்லூரி வாசல் வரைக்கும்தான் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பிள்ளைகளில் கணிசமானோர் பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதி நம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரப் போகிறவர்கள். இன்று அவர்கள் விட்டுவிடும் பேப்பர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில் இல்லாமல் போகும்.

முதலில் அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 'ஆங்கில மொழியும் மொழியியலும்' என்று தனிப் பட்டமே இருக்கிறது. அங்கே இறுதியாண்டுக்கு 120 மதிப்பலகுகள். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 20. ஆய்வேடு எழுதினால் பல இடங்களில் அதற்கே 40 போய்விடும். மீதியை நீண்ட பட்டியலிலிருந்து மாணவரே பொறுக்கிக்கொள்ளலாம். குழந்தை மொழி, ஒலியியல், சமூக மொழியியல், வகுப்பறைப் பேச்சு, சட்ட மொழியியல் என்று விதவிதமாக இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள்ளேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இறுதியாண்டு மதிப்பெண்ணுக்குப் பட்டத்தில் எடை அதிகம் என்பதால் அங்கேயும் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

நம் ஊர் பி.ஏ. ஆங்கிலத்தில் இலக்கியம்தான் பெரும்பகுதி. மொழியைப் பற்றி வருவது இரண்டு அல்லது மூன்று பேப்பர்: ஒலியியலும் மொழியியலும், ஆங்கிலம் கற்பித்தல், மொழிபெயர்ப்பு. அதிலும் தாளில் 'விருப்பப் பாடம்' என்று மூன்று பெயர் இருக்கும். எதை நடத்துவது என்று துறையே முடிவு செய்துவிடும் கல்லூரிகள் நிறைய. இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வதே ஐந்தாம் பருவம் தொடங்கிய பிறகுதான். நான்காம் பருவத்திலேயே பத்துப் பேர் சேர்ந்து துறைத் தலைவரைப் பார்த்து, 'எங்களுக்கு இந்தப் பேப்பர் வேண்டும்' என்று ஒரு கடிதம் கொடுத்தால் திறக்கும் கதவுகளும் உண்டு. நம் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சரி, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள்.

"டீச்சர், ஒலியியல் வேணாம்னு சீனியர் அக்காங்க சொல்றாங்க. அரியர் விழுமாம்."

"ஏம்மா, அப்படி என்ன இருக்காம்?"

"குறியீடெல்லாம் வருமாம் டீச்சர். நோட்ஸும் இல்லையாம்."

நோட்ஸ் இருக்கிற பேப்பர் நல்ல பேப்பர். நோட்ஸ் இல்லாதது கெட்ட பேப்பர். இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அரசு பி.எட். கல்லூரி இடம் இளங்கலை மதிப்பெண் தரவரிசைப்படிதான் கிடைக்கிறது. நான்கு மதிப்பெண் குறைந்தால் சுயநிதிக் கல்லூரி. அங்கே கட்டணம் அவள் அப்பாவின் பல மாதக் கூலி. அவள் பயம் நியாயமானது. 'மதிப்பெண்ணைப் பார்க்காதே, அறிவைப் பார்' என்று சம்பளம் வாங்கும் நாம் சொல்வது சுலபம்.

அதனால் நான் அவளிடம் மதிப்பெண் கணக்கையே பேசினேன். ஒரு கவிதையைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினாலும் திருத்துபவர் பத்துக்கு ஆறு, ஆறரை போட்டுவிட்டு நகர்வார். ஒரு சொல்லை ஒலிக் குறியீட்டில் எழுதச் சொல்லும் கேள்வி அப்படியல்ல. கணக்குப் போடுவது மாதிரி. சரியாக எழுதினால் முழு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். கையெழுத்தும் நடையும் குறுக்கே வராது. தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதத் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு இதுதான் மதிப்பெண் பேப்பர். ஏறத்தாழ 44 ஒலிகள். ஒரு நாளைக்கு இரண்டு படித்தால் ஒரு மாதத்துக்குள் கைவசம். இதைச் சொல்லும் சீனியர் அக்காக்கள் கிடைப்பதில்லை.

இனி அந்தப் பேப்பரில் உள்ளே என்ன இருக்கிறது, அது நமக்கு எதற்கு என்பதற்கு வருகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, இது உங்களுக்குத்தான் அதிகம்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஆங்கில எழுத்துகளின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். 'கெட்ட' என்று பொருள்படும் 'பேட்' என்ற சொல்லையும், எழுதும் அட்டையைக் குறிக்கும் 'பேட்' என்ற சொல்லையும் குழந்தை ஒரே மாதிரி படிக்கிறது. நான் இங்கே வாயால் வேறுபடுத்திச் சொல்லிவிட்டேன். இந்தப் பேச்சு இதழில் அச்சானால் படிப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், பாருங்கள்! நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான். குழந்தையின் சிக்கலும் அதுவே.

அப்படியானால் குழந்தைக்கு அந்த ஒலி வராதா? வரும். 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். முதல் 'ப' சொல்லும்போது தொண்டை அதிராது. மகரத்துக்குப் பின்னால் வரும் இரண்டாவது 'ப' சொல்லும்போது அதிரும். ஒரே எழுத்து, இரண்டு ஒலி. இரண்டையும் குழந்தை மூன்று வயதிலிருந்தே பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழில் எந்த ஒலி எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால் காது அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டில்தான் பொருளே தொங்குகிறது. ஆகவே அந்தக் குழந்தைக்கு ஒலியைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இருக்கிற ஒலியைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். 'பம்பரத்தில் வரும் இரண்டாவது ப' என்று சொல்லிப் பாருங்கள். நூறு தடவை சேர்ந்து கத்துவதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

'ஸ்கூல்' என்பதைப் பிள்ளைகள் 'இஸ்கூல்' என்பதும் இதே கதை. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்று பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் நடத்திக்கொண்டிருக்கிறார். 'பஸ்ஸு', 'புக்கு' என்று பின்னால் ஓர் உகரம் ஒட்டுவதும் அப்படித்தான். வல்லின மெய்யில் முடிவது தமிழ்ச் சொல்லின் இயல்பன்று. குழந்தை தமிழ் இலக்கண விதியை ஆங்கிலத்திலும் விடாமல் காப்பாற்றுகிறது. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது, எழுத்துகள் உடம்பில் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று. அதைப் பாடமாகப் படித்த ஊரில் ஒலியியல் பேப்பரைக் கண்டு ஓடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பன்னாட்டு ஒலிக் குறியீடுகளைத் தந்த பன்னாட்டு ஒலியியல் சங்கம் 1886-ல் பாரிசில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் மொழி கற்பித்த ஆசிரியர்கள். பவுல் பாசி அவர்களில் முதன்மையானவர். தொடக்கத்தில் அதன் பெயரே 'ஒலியியல் ஆசிரியர் சங்கம்'. வகுப்பில் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கத் திண்டாடிய நம்மைப் போன்றவர்கள் உண்டாக்கிய கருவி அது.

அடுத்து, மொழி எப்படிக் கற்கப்படுகிறது என்பதைப் பற்றிய பேப்பர். சில கல்லூரிகளில் தனியாக இருக்கும். சிலவற்றில் 'ஆங்கிலம் கற்பித்தல்' என்பதற்குள் ஓர் அலகாக இருக்கும். எங்கே இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

நாற்பது நோட்டுப் புத்தகம் திருத்துகிறோம். 'இரண்டு மாடுகள்' என்பதற்கு ஒருவன் 'டூ கவ்' என்று எழுதியிருக்கிறான். 'போனேன்' என்பதற்கு இன்னொருத்தி 'கோ' என்ற சொல்லோடு 'எட்' சேர்த்து எழுதியிருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சுழி போடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. வீட்டில் 'ரெண்டு மாடு' என்றுதான் பேசுகிறோம்; 'இரண்டு' என்று சொன்ன பிறகு 'மாடு'க்குக் 'கள்' கட்டாயமில்லை. முதல் பையன் தமிழை ஆங்கிலச் சொல்லில் எழுதியிருக்கிறான். இரண்டாவது பெண்ணின் பிழை தமிழிலிருந்து வரவில்லை. 'எட்' சேர்த்தால் இறந்தகாலம் என்ற ஆங்கில விதியை அவள் தானே கண்டுபிடித்து, விதிவிலக்கு என்று யாரும் சொல்லாத இடத்திலும் போட்டிருக்கிறாள். இங்கிலாந்தில் பிறந்த மூன்று வயதுக் குழந்தையும் இதே பிழையைச் செய்கிறது. அவள் முன்னேறியிருக்கிறாள் என்பதற்கு அந்தப் பிழையே சாட்சி. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க அறிஞர் 1958-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். இல்லாத ஒரு பிராணியைப் படமாக வரைந்து, அதற்கு 'வக்' என்று இல்லாத ஒரு பெயரும் வைத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று சிறு குழந்தைகளிடம் கேட்டார். இதற்கு முன் கேட்டே இராத சொல்லுக்கும் பன்மை விகுதியைச் சேர்த்தார்கள் குழந்தைகள். அப்படியானால் அவர்கள் சொற்களை மனப்பாடம் மட்டும் செய்யவில்லை, விதியைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஆகிறது. நாளைக்கே உங்கள் முதல் வகுப்பில் செய்து பார்க்கலாம். கோணல்மாணலாக எதையாவது வரைந்து 'இது லூபம்' என்று சொல்லுங்கள். இரண்டு வரைந்து 'இது?' என்று கேளுங்கள். மகரம் போய் 'லூபங்க' என்று வருகிறதா என்று பாருங்கள். அந்தச் சந்தி விதியை ஒன்றாம் வகுப்பில் நாம் யாரும் நடத்தவில்லை.

பிட் கார்டர் என்பவர் 1967-ல் கற்போரின் பிழைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாணவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான், இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்று பிழை ஆசிரியருக்குச் சொல்கிறது என்பது அதன் சாரம். பி.எட்.டில் இது வராதா என்று கேட்கலாம். பி.எட். இரண்டாண்டாக ஆனது 2015-ல். பயிற்றுமுறை, உளவியல், கற்பித்தல் பயிற்சி என்று அதற்கே நேரம் போதவில்லை. தகுதித் தேர்வு இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலம் 30. ஆங்கில ஆசிரியர் ஆகப் போகிறவரும் கணிதமும் அறிவியலுமோ சமூக அறிவியலோ 60 மதிப்பெண்ணுக்கு எழுதித்தான் ஆக வேண்டும். அதைக் குறை சொல்லி இங்கே நேரத்தைக் கழிக்க விரும்பவில்லை. மொழி எப்படி வேலை செய்கிறது என்பதை நிதானமாக உட்கார்ந்து படிக்க நம் பிள்ளைக்குக் கிடைக்கும் கடைசி இடம் அந்த மூன்றாம் ஆண்டுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

வகுப்பறைப் பேச்சு பற்றியும் இரண்டு வார்த்தை. 1975-ல் பர்மிங்காமைச் சேர்ந்த சின்க்ளேர், கூல்தார்ட் என்ற இருவர் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து புத்தகம் போட்டார்கள். ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் 'சரி' என்பார், மூன்று அசைவு. கடைக்காரரிடம் 'வெங்காயம் கிலோ எவ்வளவு?' என்று கேட்டு, அவர் 'நாற்பது' என்றதும் 'சபாஷ், உட்கார்' என்போமா? வகுப்பில் மட்டும்தான் விடை தெரிந்த கேள்வியைக் கேட்கிறோம். இந்தப் பேப்பரில் செய்முறையாக ஒரு வகுப்பைப் பதிவு செய்து எழுதச் சொல்வார்கள். ஆசிரியர் ஆகும் முன்பே அதைச் செய்துவிட்ட பிள்ளை அதிர்ஷ்டசாலி. நாமும் ஒரு பீரியடைச் செல்பேசியில் பதிந்து, மாணவர்கள் மொத்தம் எத்தனை சொல் பேசினார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கையை யாருக்கும் காட்ட வேண்டாம்.

சமூக மொழியியல் என்றால் வட்டார வழக்கு, பேச்சு, எழுத்து எல்லாம். குழந்தை 'வந்துச்சு' என்று சொல்லிக்கொண்டே வருகிறது, புத்தகத்தில் 'வந்தது' என்று இருக்கிறது. இந்த இரட்டை வழக்கைப் பற்றிச் சார்லஸ் பெர்குசன் 1959-ல் ஒரு கட்டுரை எழுதினார். படித்தவர்கள் 'வந்துச்சு' என்ற குழந்தையை அதட்ட மாட்டார்கள்.

இப்போது ஓர் எச்சரிக்கை. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காகவும் பேப்பர் எடுப்பதுண்டு. சட்ட மொழியியல் என்றால் எல்லாருக்கும் ஆசை. திமோத்தி எவன்ஸ் என்பவர் 1950-ல் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்டார். சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர். 1966-ல் அவருக்கு இறப்புக்குப் பின் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் கொடுத்ததாகக் காவல்துறை பதிந்த வாக்குமூலங்களில், தகராறுக்குரிய பகுதிகளின் நடை மற்றப் பகுதிகளின் நடையோடு பொருந்தவில்லை என்று யான் ஸ்வார்ட்விக் 1968-ல் எழுதிக் காட்டினார். துறைக்குப் பெயர் கொடுத்ததும் அந்த நூல்தான். கதை மனத்தைப் பிடிக்கிறது. ஆனால் ஸ்வார்ட்விக் செய்தது வாக்கியம் வாக்கியமாக இலக்கண அமைப்பை எண்ணிய வேலை. அதனால் பெயர் எதுவாக இருந்தாலும் பிள்ளையிடம் கேட்கச் சொல்லுங்கள்: இந்தப் பேப்பரில் நான் என்ன செய்வேன்? கேட்டு எழுதுவேனா, பதிவு செய்வேனா, எண்ணுவேனா? நடத்துகிறவர் யார்? அகமதிப்பீட்டு 25 மதிப்பெண் எதற்கு? 'நோட்ஸ் தருவார்கள், எழுதிப் போட்டால் போதும்' என்று பதில் வந்தால், பெயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான்.

எல்லாரும் ஆசிரியர் ஆகப் போவதில்லை. இதழியல் பக்கம் போகிறவனுக்கு மொழிபெயர்ப்புப் பேப்பர் உதவும். தமிழும் ஆங்கிலமும் சரளமாக உள்ள நம் பிள்ளைகள் அதில் பிரகாசிப்பார்கள். முதுகலை இலக்கியம் என்று முடிவு செய்தவளை மொழியியலுக்கு இழுக்க வேண்டாம். மொழியியலே பிடித்துப்போனவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரியில் பேப்பரே திறக்கவில்லை என்றால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் மொழியியல் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம்; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். மதிப்பலகாக ஏற்பார்களா என்பதைக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஆறாம் பருவத்தில் வரும் சிறு ஆய்வேடு. பலர் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு, வலைத்தளத்தில் கிடைத்ததை ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நம்மிடம் வரும் பிள்ளையை நம் பள்ளிக்கே கூப்பிடுவோம். 'ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஆங்கிலப் பன்மையில் செய்யும் பிழைகள்' என்று ஒரு தலைப்பு போதும். ஒரு வகுப்பு, இருபது நோட்டு, ஒரு மாதம். நமக்கும் பயன்படும், அவளுக்கும் சொந்தச் சரக்கு இருக்கும். தலைமை ஆசிரியரிடம் முறையாகக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். குரலைப் பதிவு செய்வதானால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். ஆய்வேட்டில் குழந்தையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். வகுப்பும் வயதும் இருந்தால் போதும்.